ரகுபதியின் கேஸ் கம்பெனி

ஐப்பசி 4, திங்கள்

மழை. மூடுபனியில் எதிர்வீட்டு ஓடு தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இருபத்திரண்டு வருடம். அதற்காக யாரும் நன்றி சொல்லவில்லை.

பேப்பரில் ரகுபதி படம். ஐந்தாம் பக்கம். கோட்டு, கறுத்த முடி (சாயம்). எண்ணெய், எரிவாயுக் கம்பெனிக்குப் பொறுப்புத் தலைவராம். மாதக் கடைசியில் இயக்குநர் குழு கூடி நிரந்தரமாக்குமாம். "சாதாரண வழக்கறிஞராகத் தொடங்கி" என்று போட்டிருக்கிறார்கள். எங்கே தொடங்கினான், யார் பக்கத்தில் உட்கார்ந்து தொடங்கினான் என்று இல்லை. நாமக்கல்லில் எங்கள் சீனியரின் ஆபீஸ். ஒரு மேஜை, இரண்டு ஜூனியர்கள். காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவான். எனக்கு இரண்டு வருடம் இளையவன். வாய்க்கு வாய் "அண்ணா".

இதே கம்பெனிதான் அப்போது அடிவாரத் தோட்டங்களுக்குள் குழாய் பதிக்க வந்தது. நாங்கள் விவசாயிகள் பக்கம். குழாயே வேண்டாம் என்று வாதாடித் தோற்றுக்கொண்டிருந்தோம். தோட்டத்தை விட்டு ரோட்டோரமாகக் கொண்டுபோகட்டும் என்ற யோசனை என்னுடையது. டீ குடிக்கும்போது சொன்னேன். மறுநாள் கோர்ட்டில் எழுந்து அதைப் பேசியவன் அவன். ஜெயித்தோம். கொஞ்ச நாளில் எதிர்த்தரப்புக் கம்பெனியே அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டது.

இயக்குநர் குழுவுக்குக் கடிதம் எழுதப் போகிறேன். மூன்று விஷயம்.
1. யோசனை திருடியது.
2. விவசாயிகளுக்கு ஆஜராகிக்கொண்டே கம்பெனியோடு ரகசியமாக வேலை பேசியது. இதுதான் முக்கியம். இது நின்றால் அவன் நிற்க மாட்டான்.
3. எண்ணெய் பற்றி ஒன்றும் தெரியாதது.

பெயர், முகவரி, வக்கீல் பதிவு எண் எல்லாம் போட்டு அனுப்புவேன். மொட்டைக் கடிதம் கோழைகளின் வேலை. என் கட்சிக்காரர்களுக்கே சொல்லியிருக்கிறேன்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய் (தீர்ந்துவிட்டது), கொசுவர்த்தி, தலைவலி மாத்திரை.

5, செவ்வாய்

தூறல். செம்மேடு டீக்கடை. உள்ளே சடையன் குரல். ஆலத்தூர் நாடு என்ற மலையூர் விவசாயி, மிளகும் மரவள்ளியும். அவனுடைய வண்டிப்பாதை வழக்கு மூன்று வருடமாக என்னிடம். நான் வெளியே நிற்பது தெரியாமல் பேசுகிறான்.

"இனிமே கேஸுக்குக் கவலையில்லீங்க. ரகுபதி சாரு வெள்ளிக்கெழம நேர்லயே வாராரு. இந்தாளுகிட்ட எத்தன வருசந்தான் அலையறது?"

அப்படியா சங்கதி! பதவி போதாதென்று என் கட்சிக்காரனையும் இழுக்கிறானா? உள்ளே போனேன்.

"ஏன் சடையா, கேஸை எவன்கிட்டக் குடுத்தே?"

"கேஸுங்களா? எல்லாரும் பேரெழுதிக் குடுத்துட்டமுங்க. ஊட்டுக்கு ஒண்ணு."

"வீட்டுக்கு ஒரு கேஸா!"

"ஆமாங்க சாமி. பெரிய ஊடா இருந்தா ரெண்டு தாராங்களாம்."

டீக்கடை அம்மா சிரித்துச் சிரித்துப் பால் பொங்கிவிட்டது. "வக்கீலய்யா, அது அடுப்புல எரியற கேஸுங்க! உங்க கேஸு வேற. அது எரியறதுமில்ல, அணையறதுமில்ல."

சிலிண்டருக்கு மலை இறங்க வேண்டாமாம். ஆலத்தூர் நாட்டில் குடோன் திறக்கிறார்களாம். "இந்தாள்" என்றது சேந்தமங்கலத்து சிலிண்டர்காரனை. சடையன் அப்படித்தான் சொல்கிறான்.

டீக்குக் காசு கொடுத்துவிட்டு நான் எழுந்தபோது அவனே, "வக்கீலா இருந்து கேஸு நடத்துனவரு, இப்பக் கேஸு கம்பெனியே நடத்துறாருங்க. நீங்களும் அவருகூடப் போயிருக்கலாமுங்க" என்றான். சும்மா சொன்னதா, சொல்லிக்கொடுத்துச் சொன்னதா?

அவ்வளவு பெரிய கம்பெனியின் தலைவன் ஒரு குடோன் திறக்க எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருவானா? குழு கூடுவதற்கு முன் ஏழைகளோடு ஒரு போட்டோ. வேறென்ன.

6, புதன்

கரண்ட் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கடிதத்துக்கு முதல் வரைவு.

அவன் போன வழி: நாமக்கல் கோர்ட். சென்னையில் சட்ட அதிகாரி. அப்புறம் ஒப்பந்தப் பிரிவு. கடலில் கிணறு தோண்டும் பங்காளிகளோடு தகராறு வந்து வெளிநாட்டில் மத்தியஸ்தம், அங்கே மூன்று வருடம். திரும்பி வந்து சட்டத் துறைக்குத் தலைவர். இப்போது கம்பெனிக்கே.

கிணறு தோண்டியவனை விட்டுவிட்டு ஒப்பந்தம் எழுதியவனை மேலே உட்கார வைத்திருக்கிறார்கள். எழுதிப் பார்த்தால் மூன்றாவது குற்றச்சாட்டு பலமாக இல்லை. அந்தத் தொழிலில் கிணற்றில் எண்ணெய் வருவதற்கு முன்னால் காகிதம் வந்துவிடுகிறது. நிலத்துக்கு, கப்பலுக்கு, பங்குக்கு, சண்டைக்கு. காகிதம் படிக்கத் தெரிந்தவன் மேலே போவது நியாயம் மாதிரியே தெரிகிறது. அடித்துவிட்டேன்.

சாந்தி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, யாருக்கு லெட்டரு?"

"கோர்ட் சமாசாரம்."

"கோர்ட்டு சமாசாரத்துக்குக் கைய வெச்சு மறைக்கோணுமா?"

மனைவி என்றாலும் எவ்வளவு சொல்வது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அவனுடைய தங்கையும் இவளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

8, வெள்ளி

வெயில். அவனுக்கென்று வந்தது போல.

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆதாரத்துக்காகப் போனேன். கடைசி வரிசை. சாமியானா, தட்டில் இனிப்பு, புது சிலிண்டர்களுக்கு மாலை. பேச வந்தவன் கூட்டத்தைத் துழாவி என்னைக் கண்டுபிடித்துவிட்டான்.

"அதா, எங்க அண்ணன் உக்காந்திருக்காரு. குழாய ரோட்டோரமாக் கொண்டுபோலாம்னு மொதல்ல சொன்னது அவருதானுங்க. அன்னைக்குப் பாத்து அண்ணனுக்குத் தொண்ட கட்டிப் பேச்சே வரல. நீயே பேசுடான்னு சைகை காட்டுனாரு. அவரு சொன்னதத்தான் நான் பேசுனேன். என்னைய இங்க கொண்டாந்து நிறுத்துனது அன்னைக்கு அவருக்குக் கட்டுன தொண்டைதானுங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். சடையன் பலமாக.

தொண்டை கட்டியிருந்தது உண்மை. சைகை காட்டினேனா என்பது நினைவில்லை. இத்தனை வருடம் சொல்லாததை இன்று ஏன் சொல்ல வேண்டும்? நான் எழுதுவது தெரிந்துவிட்டதா? சாந்தியா? முதல் குற்றச்சாட்டை மேடையிலேயே பிடுங்கிக்கொண்டான்.

கார் ஏறும் முன் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, அன்னைக்கு நீங்களும் வந்திருந்தீங்கன்னா நான் உங்களுக்குக் கீழதான் இருந்திருப்பேன். ஏனுங்ணா பதிலே போடல?"

"எதுக்குப் பதில்?"

என்னையே பார்த்தான். பிறகு யாரோ அவசரப்படுத்த, கதவு மூடிவிட்டது.

எதற்குப் பதில்? வழியெல்லாம் யோசனை. இது ஒரு தந்திரம்.

9, சனி

மழை. பரணிலிருந்து பழைய குழாய் வழக்குக் கட்டை இறக்கினேன். கரையான் பாதி தின்றிருக்கிறது. தின்ன வேண்டியதைத் தின்னவில்லை.

கம்பெனியின் கவர். என் பெயருக்கு. "தங்களையும் திரு. ரகுபதி அவர்களையும் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கிறோம்." தேதி, தீர்ப்பு வந்து நாற்பது நாள் கழித்து. அதாவது வழக்கு முடிந்த பிறகுதான் அழைத்திருக்கிறார்கள், இரண்டு பேரையும். கவர் மேல் குறுக்காக, பச்சை மசியில், என் கையெழுத்தில்: "வலை. பதில் வேண்டாம்."

பச்சை மசி அந்த ஒரு வருடம்தான் வைத்திருந்தேன்.

சாந்தி வாசற்படியில் நின்றபடி, "அன்னைக்கே சொன்னனுங்க, ஒரு எட்டுப் போயிட்டுத்தான் வாங்களேன்னு. நம்மள வெலைக்கு வாங்கப் பாக்கறாங்க, உனக்கென்ன தெரியும்னீங்க" என்றாள். சண்டைக்குச் சொல்லவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

கம்பெனிக்காரர்கள் தீர்ப்புக்கு முன்பே அவனோடு தனியாகப் பேசி வைத்துக்கொண்டு, ஊருக்காக இந்தக் கடிதத்தைப் பின்னால் அனுப்பியிருக்கலாம். இருக்கலாம். இல்லை என்று யார் நிரூபிப்பது? ஆம் என்றும் என்னால் நிரூபிக்க முடியாது.

சாப்பிடவில்லை.

11, திங்கள்

தூறல். பால் திரிந்துவிட்டது. சடையன் மிளகு ஒரு படி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். "மேடையில உங்க பேரக் கேட்டதும் எங்களுக்கே பெருமையா இருந்துச்சுங்க." இந்த மிளகு எதற்கு? பாதை வழக்கை வாபஸ் வாங்கப் போகிறானோ.

கடிதத்தைத் திரும்பப் படித்தேன். 1, 3 போய்விட்டன. இரண்டாவது மட்டும் மிச்சம். "வழக்கு நடக்கும்போதே எதிர்த்தரப்போடு வேலை பேசினார்" என்றிருந்தது. "பேசியதாகச் சொல்லப்படுகிறது" என்று திருத்தினேன். சட்டப்படி இது வேறு வாக்கியம். யார் சொல்கிறார்கள் என்று கேட்டால், நான் சொல்கிறேன். ஆக, பொய்யில்லை.

கவரை அடுப்பில் போடலாம் என்று எடுத்துப் போனேன். சாந்தி அடுப்படியை விட்டு நகரவில்லை. திரும்பக் கட்டுக்குள்ளேயே வைத்துவிட்டேன். எரித்தாலும் கம்பெனியில் நகல் இருக்கும். என் பெயரைப் பார்த்ததும் தேடுவார்கள், கிடைக்கும்.

கையெழுத்துப் போடும் இடத்தில் பேனாவை வைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு புள்ளி மட்டும் விழுந்தது. அந்தப் பக்கத்தை மாற்றி எழுதியாயிற்று.

ரகுபதிக்கு என் எழுத்து தெரியும். ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்க வேண்டும். செம்மேட்டுத் தபால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். நாளை நாமக்கல்லில் வாய்தா. கோர்ட் வாசல் பெட்டியில் போடுகிறேன். பெயர் வேண்டாம்.