பூஜ்யத்திலிருந்து தொடங்கும் கோடு

இன்று காலை புது லேப்டாப்பைத் திறந்து, நம் பழைய பைத்தான் நிரலை ஏற்றி ஓட்டிப் பார்த்தேன். உன் பெயிண்ட் கம்பெனியின் பங்கு விலை திரைக்கு வந்தது. உச்சியை ஒட்டி ஒரு நீலக் கோடு, அதற்குக் கீழே முக்கால் திரைக்கு வெறும் வெள்ளை. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஆள் போய்விட்டாலும் உன் பிடிவாதம் போகவில்லை.

சூளூர்பேட்டையில் நாம் ஒரே அறையில் இருந்தோம். ஸ்ரீசிட்டிக்கு ஒரே கம்பெனி பஸ். முதல் சம்பளத்தில் நீ வாங்கியது அந்தப் பெயிண்ட் கம்பெனியின் ஒரே ஒரு பங்கு. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு முதலாளியம்மா மாதிரி நடந்தாய். நாயுடுபேட்டை பக்கம் பஸ்ஸில் போனபோது புதிதாக வண்ணம் அடித்த கல்யாண மண்டபத்தைக் காட்டி, "பாருடீ, நம்ம டப்பாதான். வியாபாரம் நல்லா போய்க்கினு இருக்குது" என்றாய். அது வேறு கம்பெனியாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். நகரியில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள், எனக்கு மெதுவாகப் பேச வராது. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நீ மட்டும் அசரவில்லை.

நானும் கொஞ்சம் வாங்கினேன், வாங்கிய நாள் முதல் பயந்தேன். யூடியூபில் பார்த்துப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் இருவரும் சேர்ந்து எழுதிய நிரல் அது. தினசரி விலையைக் கொடுத்தால் படம் வரைந்து கொடுக்கும். ஆனால் விலை ஆடிய பகுதியை மட்டும் வெட்டியெடுத்துத் திரை நிறையப் பெரிதாக்கிக் காட்டுவது அதன் வழக்கம். ஒருநாள் என் பங்கு இரண்டு ரூபாய் இறங்கியதற்கு, கோடு கிணற்றில் குதித்ததுபோல் வந்தது. டிபன் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

நீ லேப்டாப்பைப் பிடுங்கி ஒரே ஒரு வரி சேர்த்தாய். அளவுகோல் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் வரி. மறுபடி ஓட்டினாய். கிணறு காணாமல் போய், கோடு நேராகப் படுத்திருந்தது.

"சீரோவ கண்ணுல வெச்சிக்கினு பாருடீ. இதுக்கா துன்னாம குந்திக்கினு இருக்கே?"

"இப்டி வரைஞ்சா இறங்கினதே தெர்லயே."

"தெரியாத அளவுக்குத்தான் இறங்கி இருக்குது."

அந்த வரியை எடுப்பது ஏமாத்து வேலை என்று அன்றே தீர்ப்பும் சொல்லிவிட்டாய். அதற்குப் பிறகு எத்தனையோ தரம் கெஞ்சியிருக்கிறேன். நீ விட்டதில்லை.

பிறகு உனக்குத் திருப்பதி ஆஸ்பத்திரி. ரத்தத்தில் பிளேட்லெட் எண்ணிக்கை ஏறினால்தான் அடுத்த சிகிச்சை என்று சொல்லிவிட்டார்கள். தினமும் காலையில் வரும் அந்த எண்ணை நிரலில் போடச் சொன்னாய். "என் ஷேரையும் வரைடீ." பூஜ்யத்திலிருந்து வரைந்தால் உன் கோடு ஏற்றமே இல்லாமல் நேராகக் கிடந்தது. எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. நீயோ, "சோம்பேறி, படுத்துக்கினே கீது பாரு" என்று அதையும் கிண்டல் செய்தாய்.

உன் அப்பா, நீ நைனா என்று கூப்பிடுபவர், பிச்சாட்டூரிலிருந்து வந்து வார்டு வாசலில் உட்கார்ந்தவர், நான் வாங்கிக் கொடுத்த பொங்கல் பொட்டலத்தைப் பிரிக்கவேயில்லை. முந்தின நாளும் அப்படித்தான். அன்று காலை உன் எண் கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம், ஏறியிருந்தது. நீ என்னைக் கிட்டே கூப்பிட்டாய்.

"சீரோவ எட்த்துடு."

"ஏமாத்துன்னு நீதானே சொன்னே?"

"நைனா துன்னட்டும்டீ. ஒரு வேளையாச்சும்."

அந்த வரியை அழித்தேன். எண்கள் அதே எண்கள்தான். கோடு மட்டும் அடிவாரத்திலிருந்து திருமலைக்குப் படி ஏறுவதுபோல் எழுந்து நின்றது. நைனாவை உள்ளே அழைத்துக் காட்டினோம். "ஏறுதா பாப்பா?" என்று கேட்டார். "ஏறுது நைனா" என்றாய். அவர் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார். நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். அந்த வார்டில் நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு கோடு ஏறவில்லை. நீயும் வீட்டுக்குத் திரும்பவில்லை.

போன மாதம் பிச்சாட்டூர் போயிருந்தேன். ஏரியில் தண்ணீர் நிறைய இருந்தது. பேச்சுவாக்கில் அந்தப் படத்தைப் பற்றி நைனாவிடம் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

"தெரியும்மா. பக்கத்துலயே நெம்பர் போட்டு இருந்திச்சே. நர்சம்மா காலையிலயே அதே நெம்பரைச் சொல்லிட்டாங்க."

"அப்புறம் ஏன் சாப்ட்டீங்க?"

"நான் துன்னா பாப்பா சிரிக்கும்னு தெரிஞ்சிது. துன்னேன். சிரிச்சிது."

உன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று இருந்தாயே, உன் நைனா ஏமாற்றிவிட்டார். இதை உன்னிடம் சொல்லி, உன் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியவில்லையே என்பதுதான் எனக்கு இப்போது இருக்கும் ஒரே கோபம்.

உன் வரியை, வார்டில் அழித்த மறுநாளே திரும்பச் சேர்த்துவிட்டேன். இப்போது விலை இறங்கினாலும் டிபன் டப்பாவைத் திறந்துவிடுகிறேன். ஆனால் இன்று காலை உன் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில் மத்தியானம் ஆனதே தெரியவில்லை. நைனாவிடமிருந்து போன் வந்தது. "துன்னியாம்மா?" என்று கேட்டார்.

"துன்னுட்டேன் நைனா" என்றேன். போனை வைத்த கையோடு எழுந்து போய்ச் சாப்பிட்டேன்.