கிழக்கே தொடும் ஊசல்

நாள் 388 – 07:10
வியாழனின் நிலவு கானிமீட், பனிநிலையம் மூன்று. எழுதுவது பராமரிப்புப் பொறுப்பாளர் சாந்தாமணி, கோயம்புத்தூர். காற்று சரி. உலை சரி. தரைமட்ட மானி பூஜ்யம்.
சரக்குக் கப்பலில் என் பின்பால் பெட்டி வந்து இறங்கியது. மூடிவிட்ட ஒரு குடியிருப்பின் பொழுதுபோக்கு அறையில் ஓடாமல் கிடந்தது. இரும்புக் குண்டை அடித்து விளையாடுவது. சிப் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் ரிலே, சுருள், மோட்டார், மணி. இதற்காக மூன்று வருடச் சொந்தச் சரக்கு எடையை விட்டுக்கொடுத்தேன். இங்கே என்னோடு இருக்கும் ஒரே ஆள் ரெக்சன், தூத்துக்குடிக்காரன். பனியைத் துளைக்கிற வேலை. தொலைவில் இருக்கும் துளை முகாமிலிருந்து ரேடியோவில் கேலி:
"ஒடஞ்ச பொட்டிக்கு மூணு வருச ஊறுகாயா யக்கா? நல்ல யாவாரந்தான்."
போடா.

நாள் 392 – 18:30
பழைய கிரீஸ் கல்லாகிவிட்டது. சுரண்டி எடுத்தேன். தொண்ணூற்றாறு தொடுமுனைகளை உப்புத்தாளால் தேய்த்தேன். எரிந்த சுருள் ஒன்றைப் பிரித்து, ஆயிரத்து நூறு சுற்று கையாலேயே சுற்றினேன். மோட்டார் வைண்டிங் பட்டறையில் வளர்ந்தவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா.

நாள் 395 – 16:05
ஓடுகிறது. முதல் மணி அடித்ததும் அழுதுவிட்டேன், வெட்கமில்லை.
நான்காவது ஆட்டத்தில் ‘சாய்வு’ விளக்கு எரிந்து பெட்டி நின்றது. பெட்டியைத் தூக்கி ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க உள்ளே ஒரு ஊசல் தொங்குகிறது. சுற்றியுள்ள வளையத்தைத் தொட்டால் ஆட்டம் காலி. நான் தொடவேயில்லை. வளையத்தை நகர்த்தி, ஊசலை நடுவில் நிற்க வைத்து, பென்சிலால் கோடு போட்டேன்.

நாள் 399 – 17:20
மறுபடி சாய்வு. மறுபடி நகர்த்தினேன், கோடு போட்டேன்.

நாள் 402 – 17:00
மூன்றாம் முறை. நகர்த்தி, கோடு போட்டு, அதற்குமேல் பொறுமையில்லாமல் ஊசலின் வயரையே கழற்றிவிட்டேன். எங்கள் ஊரில் விவசாயி கொண்டுவரும் ஸ்டார்ட்டர் சும்மா சும்மா ட்ரிப் ஆனால், பாதுகாப்பு ரிலேயைத் தாண்டி வயரை நேராகப் போட்டுத் தருவோம். மோட்டார் ஓடும். அவரும் சந்தோஷமாகப் போவார்.

நாள் 411 – 09:40
விளக்கு மாற்றப் பெட்டியைத் திறந்தேன். ஊசல் வளையத்தில் அழுந்திக் கிடக்கிறது, கிழக்குப் பக்கம். மூன்று பென்சில் கோடுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கே போகின்றன.
குண்டைத் தரையில் வைத்தேன். கிழக்கே, கதவைப் பார்த்து உருண்டது.
தரைமட்ட மானி பூஜ்யம் என்கிறது. என் புண்ணியம்தான். போன வருடம் பனி அதிரும்போதெல்லாம் அதன் அலாரம் கத்தியது. தினமும் காலையில் இருக்கும் நிலையையே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன். நிலையம் சாயச் சாய அது ‘சரி’ என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

நாள் 411 – 11:15
வெளியே போய்ப் பார்த்தேன். உலையின் வெந்நீர்க் குழாய் அடியில் எங்கோ கசிகிறது. கிழக்குக் கால்களின் கீழே பனி உருகிவிட்டது. நான்கு மீட்டர் ஆழம், தோண்ட முடியாது. கதவின் அடிப்பகுதிக்கும் பனிக்கும் முப்பத்தெட்டு சென்டிமீட்டர்தான் மிச்சம். இப்போது வேகம் பிடித்து மணிக்கு இரண்டு சென்டிமீட்டர் இறங்குகிறது. பத்தொன்பது மணி நேரத்தில் கதவு புதைய ஆரம்பிக்கும், அப்புறம் திறக்காது. இருப்பதே ஒரு கதவு.
ரெக்சன் முகாமைக் காலி செய்து இன்று காலையில் கிளம்பிவிட்டான், திரும்பினாலும் அங்கே காற்றில்லை. வந்து சேர இன்னும் இருபத்தாறு மணி நேரம். வண்டியில் காற்று இருபத்தொன்பதுக்கு.

நாள் 411 – 11:50
கணக்கு சுலபம். உலை ஓடினால் நிலையம் புதையும், ஆனால் கூடு உடையாது. நான் உள்ளே கதகதப்பாக இருப்பேன், நாற்பது நாளில் மீட்புக் கப்பல் வரும். அவன் வெளியே கதவைத் தட்டிக்கொண்டே சாவான்.
உலையை நிறுத்தினால் அடியில் பனி உறையும், கதவு மேலே நிற்கும். என் விண்வெளி உடையின் சூடு பதினான்கு மணி நேரம்தான்.
ஒன்பது நாள் முன்பே தெரிந்திருக்கும், வயரைக் கழற்றியிருக்காவிட்டால். அவன் முகாமிலேயே இருந்திருப்பான், மாற்றுக் காற்று கேட்டிருக்கலாம். இது நான் செய்தது.
12:00. நிறுத்திவிட்டேன்.

நாள் 411 – 13:30
"யக்கா, பிளவு வழியா குறுக்க வந்தா அஞ்சு மணி நேரம் மிச்சம். வரட்டா?"
"வேண்டாங் கண்ணு. அங்க போன மாசந்தான் பனி வாயப் பொளந்துச்சு. என்ன அவசரம், ஊடு அங்கயேதான் இருக்கும். நெதானமா வா."
"சரிக்கா. டீ போட்டு வைங்க."
உண்மையைச் சொன்னால் பிளவு வழியாகத்தான் வருவான். சொல்லவில்லை.

நாள் 411 – 19:00
உள்ளே மைனஸ் இருபத்தேழு. இறங்குவது நின்றுவிட்டது. கதவுக்கு முப்பத்தொரு சென்டிமீட்டர் இருக்கிறது.
உலையின் பொத்தான் கைக்கெட்டும் தூரம். குளிர் ஏறினால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். நான் அவ்வளவு நல்லவள் இல்லை. உலையின் ஃப்யூஸையும் மாற்று ஃப்யூஸ்களையும் பையில் போட்டு, வெளியே கதவின் பிடியில் கட்டிவிட்டு வந்தேன்.
ரெக்சா, உள்ளே வரும்போது எடுத்துக்கொண்டு வா. போட்டதும் உலையைக் கிளப்பு. அப்புறம் கதவு புதைந்தால் புதையட்டும்.

நாள் 412 – 02:20
உடையின் சூடு நின்றது.

நாள் 412
மணி பார்க்கவில்லை. கால் இல்லை போலிருக்கிறது. அவன் ஏதோ பாடிக்கொண்டு வருகிறான், ரேடியோவில். பதில் பேச வாய் வரவில்லை. தூங்குகிறேன் என்று நினைத்துக்கொள்வான்.

நாள் 412
ஃப்யூஸை எடுக்கப் போனேன். ஆமாம். போனேன். கதவுச் சக்கரத்தைப் பிடித்தேன். விரல் மடங்கவில்லை. முழங்கையால் தள்ளினேன், தோளால் தள்ளினேன். ரெக்சா, உன் பேர்கூட அப்போது நினைவில்லை.
திறக்கவில்லை. நல்லவேளை