டயர்க் கட்டை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். நீ சுகமாக இல்லை என்பது தெரியும், அதனால் கேட்கவில்லை.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ மூக்கை உறிஞ்சினால் போதும், லோடு எங்கே போனால் என்ன என்று லாரியைத் திருப்பிக்கொண்டு உன் ஹாஸ்டல் வாசலுக்கு வந்துவிடுவேன். என் லட்சணம் எனக்குத் தெரியாதா? பேப்பரில் எழுதினால் நீ அழுவது எனக்குக் கேட்காது.

அம்மா எல்லாம் சொல்லிவிட்டாள். கூட இருக்கும் பெண் வாயே திறப்பதில்லையாம். பாடம் தலைக்குமேல் போகிறதாம். அந்த ரூம் உன் ரூம் மாதிரியே இல்லையாம். அப்பாவின் டயர்க் கட்டை உன்னிடம் வந்துவிட்டது, அதைக் கொடுக்கச் சனிக்கிழமை வருகிறேன், அப்படியே பெட்டி படுக்கையோடு வந்து இங்கே பக்கத்துக் காலேஜில் சேர்ந்துகொள்கிறேன் என்றாயாம். ஒரு மரக்கட்டையைத் திருப்பிக் கொடுக்கப் பெட்டி படுக்கை எதற்கடி, கழுதை?

நாம் ஹாஸ்டலுக்குச் சாமான் வாங்கப் போனது நினைவிருக்கிறதா? வண்டி ஓட்டும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகிறது. நீ மஞ்சள் பூப்போட்ட பெட்ஷீட்டை எடுத்தாய். நான் அதைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கரும்பச்சையை எடுத்தேன். கிரீஸ் பட்டாலும் தெரியாது என்று கடைக்காரரிடம் பெருமை வேறு. அவர் உன்னைப் பார்த்து, "பாப்பா மெக்கானிக் வேலைக்கா போகுது?" என்றாரே, நீ பில் போடும் மேஜையில் சாய்ந்துகொண்டு அப்படிச் சிரித்தாய். பிறகு டார்ச் வாங்கினேன், குடோனுக்குப் போடுகிற மாதிரிப் பெரிய பூட்டு வாங்கினேன், உருண்டாலும் நசுங்காத பிளாஸ்க் வாங்கினேன். நான் லோடு கட்டும் கயிறு ஒன்றை எடுத்ததைப் பார்த்ததும்தான் அம்மா நடுக்கடையில் தலையில் அடித்துக்கொண்டு, "இவ படிக்கப் போறாளா, லோடு ஏத்தப் போறாளா?" என்று கேட்டாள். துணி காயப்போட என்றேன். இதில் யானையையே காயப்போடலாம் என்றாள். லாரிக்காரனைக் கூட்டிக்கொண்டு போனால் வேறென்ன நடக்கும்? எனக்குத் தெரிந்த ரூம் என் கேபின் ஒன்றுதானே.

கடைசியில் உன் முகம் வாடியதைப் பார்த்து மஞ்சளையும் வாங்கினோம். நீ பச்சையை எடுத்துக்கொண்டு மஞ்சளை இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். என் மனசு நோகக் கூடாது என்றுதானே? அம்மா அதை உன் கட்டிலில் விரித்து வைத்திருக்கிறாள். யாரும் உட்காருவதில்லை.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் ஹாரன் சத்தம் தெருமுனையில் கேட்டாலே ஓடி வந்து நிற்பாய். நான் இன்ஜினை நிறுத்தி இறங்கியதும் கட்டையை வாங்கி, தூக்க முடியாமல் தூக்கி, வண்டி உருளாமலிருக்கப் பின் டயருக்கு அடியில் நீதான் வைப்பாய். கட்டை இருக்கும்வரை அப்பா எங்கேயும் போக முடியாது என்பது உன் நினைப்பு. கிளம்புகிற காலையில் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டாய். அங்கே முதலாளி கத்துவார், இங்கே அம்மா தூக்கப் பார்த்தால் நீ கத்துவாய். நான் மட்டும் உன்னைத் தொட மாட்டேன். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் நீயே எழுந்து, சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கட்டையை இழுத்து என்னிடம் நீட்டி, "போய்ட்டு வாப்பா" என்பாய். நீ எடுத்துக் கொடுக்காமல் நம் வாசலிலிருந்து நான் ஒரு தடவைகூட வண்டியைக் கிளப்பியதில்லை.

ஹாஸ்டலில் சாமான் இறக்கியபோதும் பழக்க தோஷத்தில் நீதான் கட்டை வைத்தாய். நான் கிளம்பும்போது நீயேதான் எடுத்தாய். எடுத்தவள் என்னிடம் நீட்டாமல் கையில் பிடித்தபடியே படியேறிப் போய்விட்டாய். எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. கண்ணில் தூசி விழுந்திருந்தது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வழியில் ஒரு இறக்கத்தில் டீ குடிக்க நிறுத்திக் கட்டையைத் தேடினால், காணோம். ஒரு கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் உறைத்தது, அன்றைக்குப் போய்ட்டு வா என்று நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இங்கே அம்மா இன்னும் கைமறதியாக உனக்கும் சேர்த்து டீ போடுகிறாள். அதையும் நானே குடிக்கிறேன். சர்க்கரை ஏறினால் நீதான் பொறுப்பு. எதிர்வீட்டு மூக்குக்கண்ணாடி மாமா, "வீடே கம்முன்னு ஆயிடுச்சே" என்று தினமும் சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறார்.

கட்டைக்காக நீ வர வேண்டாம். மரக்கடையில் புதிதாக ஒன்று அறுத்து வாங்கிவிட்டேன். பழையது உன்னிடமே இருக்கட்டும். காற்றில் கதவு அடித்துக்கொள்கிறது என்றாயாமே, அதற்கு முட்டுக்கொடு. கதவு திறந்து கிடந்தால் எவளாவது எட்டிப் பார்ப்பாள், அந்த ஊமைக்கோட்டானும் வாயைத் திறப்பாள். இத்துடன் மஞ்சள் பெட்ஷீட்டை அனுப்பியிருக்கிறேன். பச்சையைச் சுருட்டி வை, அது கேபினுக்குத்தான் சரி. புது வண்டி கொடுத்தால் எனக்கும் முதலில் தூக்கம் பிடிக்காது. உன் பழைய ரிப்பன் ஒன்றைக் கண்ணாடிக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் அது என் வண்டியாகும்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. சனிக்கிழமை நீ வந்து வாசலில் நின்றால் நான் திருப்பி அனுப்ப மாட்டேன். அனுப்ப எனக்குத் தைரியம் கிடையாது. ஓடி வந்து பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிடுவேன், உன் படிப்பு அன்றோடு முடிந்தது. அதனால்தான் வராதே என்று கெஞ்சுகிறேன். லீவு விட்டதும் வா. தெருமுனைக்கே நான் வந்து நிற்கிறேன்.

அத்தனை சின்ன வயதில் நீ அழுதுகொண்டே கட்டையை எடுத்துக் கொடுத்தாய். இத்தனை வயதில் என்னால் முடியாதா? இதோ, மூக்கைத் துடைத்துக்கொண்டு எடுத்துவிட்டேன்.

போய்ட்டு வாம்மா.

உன்
அப்பா