மீதி இரண்டு பங்கு

பிலடெல்ஃபியா
ஆகஸ்ட் 5, 1787

அன்புள்ள டார்கஸ் அக்காவுக்கு,

உன் இருமல் விட்டதா? சென்ற முறை கொடுத்தனுப்பிய தேன் உன்னிடம் வந்ததா, இல்லை படகுக்காரர் சைரஸ் அண்ணன் வழியிலேயே நக்கிவிட்டாரா?

எனக்கு ஹேகர் அத்தையோடு துணி வெளுக்கும் வேலைதான். அம்மா போனபின் பள்ளியை விட்டதற்கு இந்தக் கோடையில்தான் முதல்முறையாக வருத்தப்படவில்லை. நாட்டுக்குப் புதிய சட்டம் எழுத வந்திருக்கும் கனவான்களின் சட்டைகள் எங்கள் தொட்டிக்குத்தான் வருகின்றன. சன்னல்களை எல்லாம் மூடிக்கொண்டு பேசுகிறார்களாம். வெளியே ஒரு சொல்கூடப் போகக் கூடாதாம். சட்டைகளைத் துவைப்பதற்கு முன்பே பிழியலாம், அவ்வளவு ஈரம். "இம்புட்டு வேர்வை விட்டு எழுதுறாங்களே, நமக்குன்னு ஒரு வரி இல்லாமலா போகும்?" என்கிறாள் அத்தை.

அம்மாவையும் என்னையும் விடுதலை செய்த எசமான், அதற்கு முன்பே உன்னை நியூகாசிலில் இருக்கும் தன் தம்பிக்கு அடிமையாகக் கொடுக்காமல் இருந்திருக்கலாம். எல்லாக் கடிதத்திலும் இதையே எழுதுகிறேன் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

உன் தங்கை,
கெசையா


நியூகாசில், டெலவர்
செப்டம்பர் 2

என் வாய் திறக்காத தங்கச்சிக்கு,

தேன் வந்தது. பாதி ஜாடிதான் வந்தது. சைரஸிடம் கேட்டால், "ஆத்துல அலை ஜாஸ்தி, சிந்திடுச்சு" என்கிறார். மீசையிலா சிந்தியது என்று கேட்டேன்.

இதைப் படித்துவிட்டு அழாதே. சின்ன எசமானிக்கு டிசம்பரில் கல்யாணம். மாப்பிள்ளை வர்ஜீனியாக்காரர். கட்டில், வெள்ளிக் கரண்டிகள், பழுப்புக் குதிரை, நான். இவைதான் சீதனம். வர்ஜீனியா எவ்வளவு தூரம் என்று சமையல்கட்டில் கேட்டேன். சமையல்காரி என் தட்டில் இன்னொரு ரொட்டி வைத்தாள்.

அக்டோபரில் சைரஸ் ஆப்பிள் ஏற்றிக்கொண்டு உங்கள் ஊருக்கு வருகிறார். பீப்பாய்களுக்கு நடுவே ஓர் ஆள் உட்கார இடம் விடுவாராம். ஆனால் ஒன்று சொன்னார்: "உன் தங்கச்சி பக்கத்துலயே இருக்காளே. அந்தப் பெரிய மனுசங்க என்ன எழுதுறாங்கன்னு பாத்துச் சொல்லச் சொல்லு. அப்புறம் ஏறு."

அதனால் நீதான் எனக்குக் கண். நீ வா என்றால் வருகிறேன்.

அக்கா


பிலடெல்ஃபியா
செப்டம்பர் 20

அக்கா,

வந்துவிட்டது! நேற்றுச் செய்தித்தாளில் முழுவதும் அச்சாகியிருக்கிறது. அத்தை காசு கொடுத்து ஒன்று வாங்கினாள். "மக்களாகிய நாங்கள்" என்று தொடங்குகிறது. சட்டம் செய்ய இரண்டு சபை, நடத்த ஒரு தலைவர், தீர்ப்புச் சொல்ல நீதிபதிகள். ஒருவர் மிஞ்சினால் மற்றவர் கையைப் பிடிக்கலாம். அடிமை என்ற சொல்லை விரல் வைத்துத் தேடினேன். எங்குமே இல்லை, அக்கா! ஒரே ஓர் இடத்தில்கூட

மேலே உள்ளதைக் காலையில் எழுதினேன். இப்போது மாலை.

அத்தை கேட்டாள்: "பேரைச் சொல்லலேன்னா ஆளைச் சொல்லலேன்னு அர்த்தமாடி? மறுபடி படி." படித்தேன். சபையில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று ஆளை எண்ணும்போது, சுதந்திரமானவர்களை முழுதாக எண்ண வேண்டுமாம். "மற்றவர்களை", அதாவது உன்னைப் போன்றவர்களை, ஐந்தில் மூன்று பங்காக எண்ண வேண்டுமாம். பிறகு நான்காம் பகுதி. ஒரு மாநிலத்தில் வேலைக்குக் கட்டுப்பட்டவர் இன்னொரு மாநிலத்துக்குத் தப்பினால் விடுதலை கிடையாது. உரியவர் கேட்டால் ஒப்படைக்க வேண்டும்.

தப்பி வந்தவர்களைத் தேடி இன்றைக்கும் ஆட்கள் வருகிறார்கள்தான். ஆனால் எங்கள் தெரு மறைத்துவிடும். இனி ஒப்படைப்பது நாடு முழுவதற்கும் சட்டம் என்றால் தெரு என்ன செய்யும்?

ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு கனவானுக்குச் சட்டைகள் கொண்டுபோனேன். தப்பி வந்தவளை இனி நிஜமாகவே ஒப்படைத்துவிடுவார்களா என்று அவரிடம் கேட்டுவிட வேண்டும் என வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "என்ன வேணும், பெண்ணே?" என்றார், அன்பாகத்தான். "ஒண்ணுமில்லீங்க, ஐயா" என்று சொல்லிவிட்டுக் காலிக் கூடையோடு திரும்பிவிட்டேன்.

வராதே, அக்கா. பிடித்துக் கொடுத்தால் உன்னை அடிப்பார்கள். வேறு வழி தேடுவோம்.

கெசையா


நியூகாசில்
அக்டோபர் 14

கெசையா கண்ணு,

நீ சொன்னபடியே செய்தேன். இன்று காலை படகு போனது. நான் துணி காயப்போடுவதுபோலக் கரையில் நின்றேன். சைரஸ் விட்டிருந்த இடத்தில் கடைசியில் இன்னும் இரண்டு பீப்பாய் ஏற்றினார். அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஐந்தில் மூன்றை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். என்னில் எது சேர்த்தி? கை இரண்டும் முதுகும் சேரும், அது நிச்சயம். வாய் சேராது. சமையல்கட்டில் இதைச் சொன்னதும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு யாரும் சாப்பிடவில்லை.

நீ மெலிந்துவிட்டாய் என்று சைரஸ் சொன்னார். சாப்பிடு.

அக்கா


பிலடெல்ஃபியா
நவம்பர் 24

அக்கா, இது கிடைத்தவுடன் கிளம்பு.

எங்கள் ஊரில் மறுபடி கூட்டம். அந்தச் சட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று எங்கள் மாநிலம் இப்போதுதான் பேசுகிறது. தண்ணீர்க் குழாயடியில் கேட்டேன். ஒன்பது மாநிலம் ஒப்புக்கொண்டால்தான் அது சட்டமாம். அதுவரை வெறும் தாளாம். இன்றுவரை ஒன்றுகூட ஒப்புக்கொள்ளவில்லை.

தாளின் கடைசியில் அது எழுதியிருக்கிறது, அக்கா. ஏழாம் பகுதி. ஒரே ஒரு வரி. நான்காம் பகுதியிலேயே எனக்குக் கண் இருட்டிவிட்டது. அதற்கு மேல் படிக்கவில்லை. அன்று அந்தக் கனவானிடம் வாயைத் திறந்து கேட்டிருந்தால், "இன்னும் இல்லை, பெண்ணே" என்று சொல்லியிருப்பார்.

ஆறு உறைவதற்குள் சைரஸ் அண்ணனுக்கு இன்னும் ஒரு நடை இருக்கிறது. அதில் ஏறிவிடு. அத்தை மாடியில் உனக்குப் படுக்கை போட்டுவிட்டாள். என்னிடம் கேட்காதே, யோசிக்காதே, வா.

கெசையா


நியூகாசில்
டிசம்பர் 9

என் கெசையாவுக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. ஆற்றோரத்தில் பனிக்கட்டி கட்டி, சைரஸ் உங்கள் ஊர்ப் பக்கமே ஒரு வாரம் மாட்டிக்கொண்டார். அதுதான் கடைசி நடை, இனி வசந்தத்தில்தான் படகு. கல்யாணம் போன வியாழக்கிழமையே முடிந்துவிட்டது. கட்டிலைப் பிரித்து வண்டியில் ஏற்றியாயிற்று. விடிந்தால் கிளம்புகிறோம்.

நேற்று ராத்திரி விருந்தில் நான்தான் பரிமாறினேன். வெளியே துப்பாக்கி வெடித்துக் கொண்டாடினார்கள். எங்கள் மாநிலம் வெள்ளிக்கிழமை ஒப்புக்கொண்டுவிட்டதாம். எல்லாருக்கும் முதலில் நாங்கள்தானாம். எசமான் என் கையால் ஒயின் வாங்கிக் குடித்துவிட்டு, "நாமதான் முதல்!" என்று மேசையைத் தட்டினார். நீ சொன்ன தாள் அப்போது எனக்கு நினைவு வந்தது.

நீ அழுதுகொண்டே படிக்கிறாய் என்று தெரியும். கேள். வராதே என்று நீ எழுதியது என் முதுகில் அடி விழக் கூடாதே என்றுதான். என்னைப் பற்றி அப்படிக் கவலைப்பட்டு யாரும் எனக்கு எழுதியதில்லை. அந்தக் கடிதத்தை ரவிக்கைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டேன்.

பதில் எழுதாதே. எந்த ஊர் என்று எனக்கே தெரியாது. அங்கே எழுதத் தெரிந்தவள் என்று காட்டிக்கொள்வதும் நல்லதல்ல.

அவர்கள் என்னில் மூன்று பங்கை எண்ணி எடுத்துக்கொண்டு போகிறார்கள். மீதி இரண்டு பங்கை யாரும் கேட்கவில்லை. அதை உன்னிடம் விட்டுவிட்டுப் போகிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

இனிமேல் யாராவது "என்ன வேணும், பெண்ணே?" என்று கேட்டால், சொல்லிவிடு.

உன் அக்கா,
டார்கஸ்