களத்தை விட்டு வெளியேறாத அக்காவுக்கு

அக்கா,

நேற்று பஸ்ஸில் குத்தாலத்தைத் தாண்டும்போது நெல் அவியும் வாடை ஜன்னல் வழியே வந்தது. ஊறல் தண்ணீரின் புளிப்பும் ஆவியும் கலந்த வாடை. பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. அந்த வாடையில்தானே நாம் ஒன்பது வருஷம் வேலை பார்த்தோம். நீங்கள் கண்மூடி ஆறு வருஷமாகிறது. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

குத்தகை நிலத்திலிருந்து எங்களை இறக்கிவிட்ட வருஷம்தான் நான் அரிசி மில்லுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் கோர்ட்டுக்கு அலைந்தார். நான் களத்தில் நெல் கிண்டினேன். ஆட்சி மாறியிருந்தது. மேடைக்கு மேடை ஏழைகளைப் பற்றித்தான் பேச்சு. வயல்களில் கூலி உயர்வுக்காகச் சங்கக் கொடி ஏறியிருந்தது. மில் கேட்டுக்குள் மட்டும் அந்தச் சத்தம் எதுவும் நுழையவில்லை. நாற்பது பெண்கள் வெறுங்காலோடு வெயிலில் நடந்தோம். ஆஜர் பதிவேட்டில் நம் பெயரே இல்லை என்பது எனக்குத் தெரியாது. என் மகள் பிறக்கும்வரை அதைத் தெரிந்துகொள்ளும் தேவையும் வரவில்லை.

அவள் பிறந்து ஒரு மாதம் கழித்து வேலைக்குப் போனேன். மேஸ்திரி கேட்டிலேயே நிறுத்தினார். வேறு ஆள் போட்டாயிற்றாம். அழுதுகொண்டு திரும்பினேன். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். பிள்ளைப்பேற்றுக்குப் போனவளை அதைச் சாக்கிட்டு வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது என்று சட்டம் இருப்பதாகவும், வயல் சங்கத்துக்காரரிடம் விசாரித்துவிட்டு வந்ததாகவும் சொன்னீர்கள். சட்டமெல்லாம் நமக்கா என்று கேட்டேன்.

"நமக்கு இல்லேன்னா பின்ன யாருக்குடி? முதலாளியா புள்ள பெக்கப் போறாரு?"

தொழிலாளர் ஆபீசுக்கு என்னையே மனு எழுதச் சொன்னீர்கள்.

விசாரணைக்குத் தஞ்சாவூருக்கு ரயிலில் போனோம். பூதலூர்ப் பக்கத்து மழையைப் பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில், முதலாளி உங்களைக் கூப்பிட்டுப் பேசியதை மெதுவாகச் சொன்னீர்கள். என்னை மில்லில் பார்த்ததே இல்லை என்று நீங்கள் சொன்னால் போதும்; உங்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றி நிரந்தரமாக்கிவிடுவாராம்.

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன்."

படுத்த படுக்கையாய் இருந்த உங்கள் வீட்டுக்காரரும் மூன்று பெண்பிள்ளைகளும் என் கண்முன் வந்தார்கள். குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஆபீசில் பதிவேட்டை விரித்தார்கள். அதில் பதினொரு பெயர்கள்தான், எல்லாம் ஆண்கள். இந்தப் பெண் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை என்றார் முதலாளி. அதிகாரி உங்களைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார். நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

"இவ வேல பாக்கலேன்னா நானும் பாக்கலைங்க. என் பேரும் அந்த நோட்டுல இல்ல. ஒரு நாள் நேர்ல வந்து பாருங்க, களத்துல யாரு நிக்கிறாங்கன்னு."

அந்த வாரமே அதிகாரியின் ஜீப் வந்தது. குழந்தையோடு நான் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தேன். மேஸ்திரி பெண்களையெல்லாம் உமிக் கொட்டகைப் பக்கத்துப் பின்வாசலுக்கு விரட்டினார். பயந்துபோய் எல்லோரும் நகர்ந்தார்கள். நீங்கள் மட்டும் நடுக்களத்தில் நெல் கிண்டும் துழாவியை ஊன்றிக்கொண்டு நின்றீர்கள். "வேல நேரத்துல நான் ஏன் வெளிய போகணும்?" என்று நீங்கள் போட்ட சத்தம் வாசல்வரைக்கும் வந்தது. பின்வாசலை எட்டியிருந்த இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். அப்புறம் ஐந்தாறு பேர். அதிகாரி உள்ளே நுழைந்தபோது களம் நிறைந்திருந்தது. ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு எழுதிக்கொண்டார்.

எனக்கு வேலை திரும்பக் கிடைத்தது. நாற்பது பெயர்களும் பதிவேட்டில் ஏறின. உங்களை மட்டும் கொதிகலன் பக்கம் மாற்றினார்கள். அங்கே போனதும் கையுறை கேட்டு மனு எழுதச் சொன்னீர்கள். முதல் மனுவுக்குப் பதில் வரவில்லை. மூன்றாவதற்கு வந்தது.

ரொம்ப நாள் கழித்து ரயிலில் சொன்னதைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் சாட்சி சொன்னதிலிருந்து, முதலாளிக்குப் போக்குக் காட்டத்தான் அப்படிச் சொன்னீர்கள் என்று நினைத்திருந்தேன்.

"நெசமாத்தான் யோசிச்சேன். மூணு புள்ளைங்கள வச்சிக்கிட்டு ஆச இல்லாம இருக்குமா? அங்க போயி நின்னப்ப உன் புள்ள என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. பொய் சொல்ல வாய் வரல."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் பிறகு நான் இறங்கிய சங்க வேலையில் இத்தனை வருஷம் என்னை நடத்தியது இதுதான்.

இப்போது கும்பகோணத்து ஜவுளிக்கடை ஒன்றில், கர்ப்பமாக இருக்கும் பெண்ணை நிறுத்திவிட்டார்கள். அவளோடு வேலை பார்த்தவள் சாட்சி சொல்லவேண்டும். இரண்டு நாள் யோசிக்கவேண்டும் என்றாள். கூட இருந்தவர்கள் கோபப்பட்டார்கள். நான் அவர்களை அடக்கினேன். நன்றாக யோசித்துவிட்டு வா, உன் பக்கத்தில் நான் நிற்பேன் என்று சொல்லி அனுப்பினேன்.

விசாரணை புதன்கிழமை. அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் முதல் பஸ்ஸில் நான் போகிறேன், அக்கா.