மகாராணிக்கு எங்கே இடம்

மார்ச் 3, திங்கள்

இன்றைக்கு மூன்று கார்களுக்குச் சாம்பல் நிறம் கலந்தேன். பார்க்கிறவர்களுக்குச் சாம்பல் என்றால் சாம்பல்தான். எங்கள் பெயிண்ட் கடைக்கு வருவதில் மட்டும் அது எழுபது வகை இருக்கும். இடிபட்ட கதவுக்கு அடிக்கும் பெயிண்ட் பக்கத்துக் கதவோடு ஒட்டாமல் போனால், காரின் சொந்தக்காரர் வெயிலில் நிறுத்திப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருவார். மூன்றும் முதல் கலவையிலேயே ஒட்டிவிட்டன. நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான், வேறு யார் சொல்லப்போகிறார்கள்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "கிடைச்சிடுச்சு" என்றார். பெரிய நகரத்து மருத்துவமனை. பிசியோதெரபி பிரிவுக்கே தலைமை. மே மாதம் சேர வேண்டும். பதினாறு வருஷமாக அடுத்தவர் தோளை நிமிர்த்திக்கொண்டிருந்த மனிதருக்கு இன்றைக்குத்தான் தன் தோள் நிமிர்ந்தது.

"அங்க எனக்குத் தனி ரூம் உண்டா?" என்றாள் மகள். பதினொரு வயசு, அவள் கவலை அவளுக்கு.

என் கேள்வியை நான் கேட்கவில்லை. மகாராணியை எங்கே நிறுத்துவது?

மார்ச் 4, செவ்வாய்

மகாராணி என்பது அவர் வைத்த பெயர். "வாரத்துக்கு ஒரு நாள்தான் வெளிய வரும். அதுக்கும் கூடவே ஒரு வேலைக்காரி வேணும்." வேலைக்காரி நான்தான்.

இருபத்தொன்பது வயசுக் கார். இரண்டே கதவு. கல்யாணத்துக்கு முன்னால் பழைய இரும்பு விலைக்கு வாங்கினேன், வெறும் கூடாக. மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குள்ளேயே போயின. அதன் கரும்பச்சை நான் கலந்தது. எந்தக் கம்பெனி அட்டவணையிலும் கிடையாது. ஏசி இல்லை, ஸ்டியரிங் கல் மாதிரி இருக்கும். ஆனால் வளைவில் திரும்பும்போது சாலை கைக்குள் வந்துவிடும். இதை இதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

பள்ளிக்கூடம், மளிகை, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் வீட்டுக் கார் இருக்கிறது. நான்கு கதவு, வெள்ளி நிறம், இன்னும் தவணை முடியவில்லை. அதற்குப் பெயரே வைக்கவில்லை.

மார்ச் 8, சனி

அண்ணன் போன் செய்தான். வாழ்த்துச் சொல்லி அரை நிமிஷம், அறிவுரை இருபது நிமிஷம். "அந்த ஊர்ல வீட்டு வாடகையே கழுத்தை நெரிக்கும். அந்தப் பழைய டப்பாவை முதல்ல தள்ளிவிடு. நாப்பது வயசாகப் போகுது உனக்கு, இன்னும் என்ன விளையாட்டு?"

கோபம் வந்தது. ஆனால் அவன் கணக்கில் தப்பு இல்லை. மத்தியானம் சாப்பிடும்போது அவரிடம், "வித்துடலாம்னு பாக்கறேன்" என்றேன். பெரிய மனசோடு சொன்னதாக எனக்கு நினைப்பு.

"வேண்டாம்" என்றார்.

"ஏன்?"

"நீ இப்ப தியாகம் பண்ணிட்டு வந்துடுவ. அப்புறம் ஆயுசு முழுக்க நான்தான் அதுக்கு வட்டி கட்டணும். குழாய்ல தண்ணி வரலைன்னாக்கூட உனக்கு அந்தக் கார்தான் ஞாபகம் வரும்."

சிரித்துவிட்டேன். மனுஷன் என்னை எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார்!

மார்ச் 15, சனி

நகரத்தில் வீடு பார்த்தோம், அவரும் நானும். புரோக்கர் வாய் மூடாத ஆள். ஜன்னல் இல்லாத அறையைக்கூட "குளிர்ச்சியா இருக்கும் மேடம்" என்று காட்டினார்.

முதல் வீடு, மருத்துவமனையிலிருந்து நடந்து போகிற தூரம். ஆறாவது மாடி. இரண்டு சின்ன அறை, கூடம், துணி உலர்த்த ஒரு பால்கனி. வாடகை இப்போது கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு. கார் நிறுத்த இடம் தனிக் கட்டணம், வாடகையில் மூன்றில் ஒரு பங்கு. எங்கே என்று பார்த்தால், அடித்தளத்தில் ஒரு தூணுக்குப் பின்னால். இறங்கும் சரிவிலேயே மகாராணியின் வயிறு தட்டும்.

கடைசி வீடு நகரத்தின் விளிம்பில். தனி வீடு, வாடகை பாதி. பின்னால் தகரக் கொட்டகை, இரண்டு கார் நிற்கும். உள்ளே போய்ப் பார்த்தால், தரையில் பலகை போட்டு மூடிய குழி! காருக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற குழி. பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நான் நிமிர்வதற்குள் அவர், "சரி, இதுவே இருக்கட்டும்" என்றார்.

"சார் இன்னும் பெட்ரூமே பாக்கலையே" என்றார் புரோக்கர்.

மார்ச் 16, ஞாயிறு

குழி! கொட்டகையை வரைந்தேன். எந்தச் சுவரில் எந்த ஸ்பேனர் என்பதுவரைக்கும் முடிவாகிவிட்டது. மாசக் கடைசிக்குள் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

மார்ச் 20, வியாழன்

மறுபடி நகரம், இந்த முறை தனியாக. அங்கே ஒரு பெரிய பெயிண்ட் கடையில் வேலை கேட்டிருந்தேன். முதலாளியம்மா கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு மூன்று தகரத் துண்டை நீட்டினார். "இதுக்குக் கலந்து காட்டு." மூன்றும் சாம்பல்! சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஒன்றில் நீலம் ஒளிந்திருந்தது, ஒன்றில் துளி மஞ்சள். மூன்றாவதில் வெள்ளித் துகள் பெரிசு. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார். "மே மாசம் எந்தத் தேதி வருவ?" அவ்வளவுதான்.

சம்பளம் இப்போது வாங்குவதைவிட அதிகம், ஆனால் அந்த ஆறாவது மாடி வீட்டுக்கு வாடகை ஏறும் அளவுக்கு ஏறாது.

விளிம்பு வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் தங்கியிருக்கிறேன். அங்கேயிருந்து அவர் தினமும் எப்படிப் போவார் என்று நாளைக்குப் போய்ப் பார்த்துவிடலாம். சும்மா, தெரிந்துகொள்ள.

மார்ச் 21, வெள்ளி

ஏழு பத்துக்கு பஸ். அது வந்தது ஏழு முப்பதுக்கு. பிறகு ரயில், பிறகு இன்னொரு ரயில், அதற்கப்புறம் கால் மணி நேரம் நடை. மருத்துவமனை வாசலில் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணி ஐம்பது நிமிஷம். முழுக்க நின்றுகொண்டே வந்திருக்கிறேன். திரும்பும்போது இன்னும் மோசம், ஒருவர் பை என் முதுகிலேயே குடியிருந்தது.

பகல் பூராவும் நின்று வேலை பார்க்கிற மனுஷன். இதைப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. தினம்.

அவருக்குத் தெரியாதா? தெரியும். முன்னாடியே ரயில் நேரமெல்லாம் பார்த்திருப்பார், அவர் அப்படித்தான். தெரிஞ்சுக்கிட்டேதான் சரின்னாரு. நான் அங்க குழியைப் பாத்துப் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறேன். என்ன பொம்பளை நான்? வாடகை பாதின்னு சொல்லிக்கிட்டிருந்தோமே, மீதிப் பாதியை யார் கட்டறதுன்னு ஒரு தடவை யோசிச்சேனா?

மார்ச் 22, சனி

வந்ததும் வராததுமாகக் கேட்டேன். "தினம் நாலு மணி நேரம் நின்னுக்கிட்டே போவீங்களா?"

அவர் மகளின் கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "உக்கார இடம் கிடைக்கும்" என்றார்.

"கிடைக்காது. நான் நின்னு பாத்துட்டேன்."

இப்போது தூக்கினார். "நீ போனியா? ஆபீஸ் நேரத்துலயா?"

"ஆமாம். என்னைத் தியாகம் பண்ணாதேன்னு சொல்லிட்டு, நீங்க மட்டும் சத்தமில்லாம பண்ணுவீங்களோ? அதுக்கு வட்டி யார் கட்டறது?"

பிசின் டப்பாவை மூடினார், திறந்தார். கடைசியில், "அந்தக் குழியைப் பாத்ததும் உன் மூஞ்சி எப்படி இருந்தது தெரியுமா?" என்றார்.

அதற்குமேல் சண்டை போட முடியவில்லை. அந்த வீடு வேண்டாம் என்று புரோக்கருக்கு நானே போன் செய்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். ஒரு பக்கம் மகாராணி, ஒரு பக்கம் வீட்டுக் கார். எது எவ்வளவு தின்கிறது என்று பார்த்துவிடுவோம் என்றுதான்.

மகாராணி: வாரம் ஒரு நாள் பெட்ரோல், வருஷத்துக்கு ஒரு தடவை டயரோ பெல்ட்டோ, கொஞ்சூண்டு இன்சூரன்ஸ். வேலைக்காரிக்குச் சம்பளம் கிடையாது.

வீட்டுக் கார்: தவணை, பெரிய இன்சூரன்ஸ், தினசரி பெட்ரோல், சர்வீஸ். நகரத்தில் தூணுக்குப் பின்னால் நிற்பதற்கும் சேர்த்தால் மகாராணியைப் போல ஆறு மடங்கு. சரி, அது எதற்கு ஓடுகிறது? பள்ளிக்கூடம், மளிகை, அவர் வேலை, என் வேலை. ஆறாவது மாடி வீட்டிலிருந்து மூன்றுக்கு நடந்தே போகலாம். என் கடை ரயிலில் நாலாவது நிறுத்தம்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எல்லாரும் தப்பான காரை விக்கச் சொல்லிக்கிட்டிருக்காங்க!

அவரைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினேன். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். "அப்ப மகாராணி எங்க நிக்கும்?"

"அது நகரத்துக்கே வராது. அதுக்கு வேண்டியது ரோடு, தூண் இல்ல."

மார்ச் 24, திங்கள்

அண்ணனிடம் சொன்னேன். "சாப்பாட்டை வித்து ஊறுகாய் வாங்கற கதையா இருக்கு" என்றான்.

"வித்துட்டு நடக்கப் போறேண்ணா. உனக்குத்தான் சுகர், நீயும் வித்துட்டு நட" என்றேன். வைத்துவிட்டான். நாளைக்குப் பேசுவான்.

மார்ச் 29, சனி

மகளை அழைத்துப்போய் ஆறாவது மாடி வீட்டைக் காட்டினோம். அவள் ஒப்புக்கொள்ளாமல் எதுவும் நடக்காது என்று சொல்லித்தான் கூட்டிப்போனோம். சின்ன அறையைக் காலடியால் அளந்தாள். கட்டிலும் மேஜையும் போட்டால் நடக்க இடம் இல்லை என்று தீர்ப்பு. பிறகு பால்கனிக்குப் போனாள். கீழே தெருக்கோடியில் பள்ளிக்கூடம் தெரிந்தது.

"அம்மா, நான் தனியாவே நடந்து போலாமா? யாரும் கொண்டுவிடாம?"

நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார்.

"போலாம்" என்றோம்.

"அப்ப ரூம் சின்னதா இருந்தா பரவால்ல."

அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. கார் நிறுத்த இடம் வேண்டாம் என்றதும் புரோக்கருக்கு முதல் தடவையாகப் பேச்சு நின்றது.

ஏப்ரல் 5, சனி

நகரத்திலிருந்து ரயிலில் நாற்பது நிமிஷம், மலையடியில் ஒரு சின்ன ஊர். காய்கறி கிடங்காக இருந்த கட்டடத்தில் கார் நிறுத்த ஐந்து இடம், ஒன்று காலி. சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முப்பது வருஷம் அந்த மலையில் பஸ் ஓட்டியவர். பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை, முதலில் ஒரு கேள்வி: "ஓட்டுவீங்களா, இல்ல போர்த்தி வைப்பீங்களா?"

"ஓட்டுவேன்."

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை?"

"சனிக்கிழமை சனிக்கிழமை."

"மூணு சனிக்கிழமை வரலைன்னா நான் எடுத்து ஓட்டுவேன். சம்மதமா?"

இப்படி ஒரு மிரட்டலை நான் யாரிடமும் கேட்டதில்லை. உடனே சம்மதித்தேன்.

ஏப்ரல் 26, சனி

வீட்டுக் கார் போயிற்று. வாங்கியவர்கள் இளம் தம்பதி, கைக்குழந்தையோடு. அந்தப் பணத்தில் மிச்சத் தவணையைக் கட்டி முடித்தேன். நான் பெயிண்ட் அடிக்க வைத்திருந்த கம்ப்ரஸரையும் விற்றேன். அதுதான் உள்ளே கொஞ்சம் இழுத்தது. மகாராணியை வாசலுக்கு நகர்த்தியாயிற்று, இந்த வீட்டுப் பின்பக்கக் கொட்டகை காலியாக இருக்கிறது. தரையில் எண்ணெய்க் கறை மட்டும். தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. விட்டுவிட்டேன்.

மே 3, சனி

அவரும் மகளும் சாமான் லாரியோடு போனார்கள். நான் மகாராணியை ஓட்டிக்கொண்டு மலையடிக்கு. ஐந்து மணி நேரம், வழியில் ஒரு இடத்திலும் சூடேறவில்லை. டிரைவர் அண்ணன் ஒரு சுற்று சுற்றி வந்து கேட்டார்: "இந்தப் பச்சை எந்தக் கம்பெனி?"

"என் கம்பெனி" என்றேன்.

ஜூன் 12, வியாழன்

மழை. இரண்டு கையிலும் மளிகைப் பை, குடை பிடிக்கக் கை இல்லை. லிஃப்ட் வேறு வேலை செய்யவில்லை. மூன்றாவது மாடியில் பை கிழிந்து வெங்காயம் படியெல்லாம் உருண்டது. படியிலேயே உட்கார்ந்துகொண்டு விற்ற காரை நினைத்தேன், பத்து நிமிஷம். பிறகு வெங்காயத்தைப் பொறுக்கினேன்.

ஜூன் 13, வெள்ளி

தள்ளுவண்டிப் பை ஒன்று வாங்கினேன். சக்கரம் நன்றாக உருளுகிறது. அவர் பார்த்துவிட்டு, "இதுக்கும் பெயிண்ட் அடிப்பியா?" என்றார். யோசிக்கிறேன்.

ஜூலை 7, திங்கள்

அவர் ஐந்தே முக்காலுக்கு வீட்டில் இருந்தார். மகளோடு கேரம். தோற்றுவிட்டு, ஆட்டத்தில் ஏமாற்று நடந்ததாகப் புகார் வேறு.

ஆகஸ்ட் 9, சனி

மகள் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். "நானும் வரேன்" என்றார் அவர். இத்தனை வாரத்தில் முதல் தடவை.

டிரைவர் அண்ணன் கதவைத் திறந்துவிட்டார். இரண்டாவது வளைவு தாண்டியதும் பேச்சுக் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால் தூங்குகிறார். இந்தச் சத்தத்தில், இந்தக் குலுக்கலில், வாய் லேசாகத் திறந்து, சீட் பெல்ட்டில் கன்னம் சாய்த்து. எழுப்ப மனசு வரவில்லை. கியரை மட்டும் மெதுவாக மாற்றினேன். மரங்களுக்கு நடுவே வெயில் விட்டு விட்டு வந்தது. சாலையில் யாருமே இல்லை.

ஏழாவது வளைவில் கண் விழித்தார். "வந்துட்டோமா?"

"இல்ல, இன்னும் மேல போகணும்."

"சரி, போ" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.