அப்பா போட வேண்டிய கையெழுத்து

அரியலூர்,
9-2-84.

அன்பு மகள் மலர்க்கொடிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தம்பி அரியமுத்து மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் உன் உறையைப் பிரித்த நாளிலிருந்து அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆடிப்போயிருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. தம்பிக்கு அடுத்த மாதம் பத்தாம் வகுப்புப் பரீட்சை, கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ரேடியோ கேட்கிறான். ஆண்டிமடத்திலிருந்து கண்ணையன் மாமா வந்திருந்தார், இந்த வருஷம் முந்திரி நன்றாகப் பூத்திருக்கிறதாம், உனக்கென்று போன வருஷத்துப் பருப்பு ஒரு டப்பா கொடுத்துவிட்டுப் போனார். எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மாள் தினமும் உன்னை விசாரிக்கிறாள். "ஒம் மவ எப்ப வருவா தனம், எங்கூட்டு மாடு தீவனமே எடுக்க மாட்டேங்குது, வந்து பாக்கச் சொல்லு" என்கிறாள். நீ மாட்டு டாக்டருக்குப் படிக்கவில்லை, பயிருக்குத்தான் படிக்கிறாய் என்று எத்தனை தடவை சொன்னாலும், "போ, மாடும் பயிரத்தான திங்குது, அதுல என்னா வித்தியாசம்" என்று முடித்துவிடுகிறாள்.

நீ அனுப்பியது திங்கட்கிழமை என் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் விலாசத்துக்கு வந்தது. வீட்டுக்கு எழுதாமல் ஆபீசுக்கு எழுதியிருக்கிறாயே என்று உடனே பிரிக்கவில்லை. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ஃபைல் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். மார்க் பட்டியல், கல்லூரி அனுப்பிய நோட்டீஸ், பெற்றோர் கையெழுத்துக்கான உறுதிமொழித் தாள், பிறகு உன் கடிதம். அப்பாவுக்குத் தெரியவே வேண்டாம் அம்மா, அவர் கையெழுத்து உனக்கு நன்றாக வருமே, நீயே போட்டு இருபதாம் தேதிக்குள் கிடைக்கும்படி அனுப்பிவிடு என்று எழுதியிருக்கிறாய். பதினெட்டு வருஷமாக என்னிடம் எதையும் வாய்விட்டுக் கேட்காத பிள்ளை முதல்முறையாக ஒன்று கேட்டிருக்கிறது, அது இப்படி இருந்துவிட்டதே என்று வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழுது முடித்த பிறகு நோட்டீஸை மூன்று முறை படித்தேன். அரசாங்க உத்தரவுகளைப் படித்துப் படித்துப் பழகிய கண் எனக்கு. நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், தவறென்றால் திருத்து. மொத்த கிரேடு சராசரி நாலுக்குக் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், உனக்கு ஒன்று புள்ளி எட்டு ஆறு இருக்கிறது. அதனால் இந்த செமஸ்டர் முழுக்க உன்னை எச்சரிக்கைப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். இந்த முறையும் இரண்டைத் தொடாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள், எடுத்தால் எடுத்ததுதான், மறுபடி சேர்க்கமாட்டார்கள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொன்றும் இருக்கிறது, நீ அதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். மிகக் குறைந்த கிரேடு வாங்கிய இரண்டு பாடங்களை இந்த செமஸ்டரிலேயே மறுபடி எழுதலாமாம், புதிய கிரேடு பழையதை அடித்துவிடுமாம். அதற்கும் அதே இருபதாம் தேதிதான் கடைசி. ஆனால் ஆலோசகரை நேரில் பார்த்துப் பேசி, இந்தப் பாடம் இதனால் குறைந்தது என்று சொல்லி, அவர் ஒப்புக்கொண்டால்தான். நீ ஏன் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டாய் என்று எனக்குத் தெரியும் மலரு.

பாடம் கஷ்டம், எல்லாம் இங்கிலீஷ், புரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். மார்க் பட்டியல் அப்படிச் சொல்லவில்லையே. எழுத்துப் பரீட்சையில் எல்லாவற்றிலும் பாதிக்கு மேல் வாங்கியிருக்கிறாய், மண்ணியலில் வகுப்பிலேயே நல்ல மார்க்காக இருக்கும் போலிருக்கிறது. விழுந்திருப்பதெல்லாம் வைவா, அந்த வாய்மொழிப் பரீட்சை இருக்கிற பாடங்களில். இருபதுக்கு மூன்று, இருபதுக்கு இரண்டு, பூச்சியியலில் பூஜ்யம். தப்பான பதில் சொன்னவளுக்குக்கூட இரக்கப்பட்டு நாலு மார்க் போடுவார்கள். பூஜ்யம் என்றால் எதிரே உட்கார்ந்து வாயே திறக்காமல் எழுந்து வந்திருக்கிறாய். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஏன் என்று சொல்கிறேன், இதை உன் அப்பாவிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

நான் திருச்சியில் பி.ஏ. இரண்டாவது வருஷம் படித்தது அறுபத்திரண்டில். தா.பழூர் பக்கம் கூலிக்கு நாற்று நட்ட வீட்டிலிருந்து வந்தவள், எங்கள் தெருவில் பள்ளிக்கூடத்தையே தாண்டாதவர்கள்தான் எல்லோரும். உன் தாத்தா அரியலூர் ஸ்டேஷன் வரை வந்து என்னைப் பாசஞ்சரில் ஏற்றிவிட்டு, வண்டி நகர்கிற வரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மூக்கில் ஹாஸ்டல் ரவை உப்புமா வாசம் வருகிறது. இரண்டு தாவணிதான், ஒன்று கொடியில், ஒன்று உடம்பில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காவிரிப் பாலம் வரை நடந்துபோய் நின்றுகொண்டு தண்ணீரைப் பார்ப்போம், திரும்பும்போது தெப்பக்குளத்துப் பக்கம் ஆளுக்கொரு நாவல் பழப் பொட்டலம். நாக்கு நீலமாக இருப்பதை வார்டன் பார்த்துவிடக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டே ஹாஸ்டலுக்குள் நுழைவோம், எனக்கு அதில் சிரமமே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னாலும் அப்படி இருந்தேனா என்று தெரியவில்லை. எல்லாம் வகுப்புக்கு வெளியேதான். உள்ளே போனால் குரல் வெளியே வராது. இங்கிலீஷ் வகுப்பில் எண்பது பேர், பெரிய ஹால், மேலே இரண்டு மின்விசிறி கடகடவென்று. மிஸ் நம்பரைக் கூப்பிடுவார், என்னுடையது அறுபத்து மூன்று. நான் "பிரசன்ட் மிஸ்" என்பது என் காதுக்கே கேட்காது. ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, வகுப்பில் உட்கார்ந்திருந்தே பாதி நாள் ஆப்சென்ட் ஆகியிருக்கிறேன். நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வருகை இல்லாவிட்டால் பரீட்சைக்கு விடமாட்டார்கள், அந்தக் காலத்தில் அதுதான் எங்களுக்கு இருந்த பெரிய பயம்.

பக்கத்தில் உட்காருபவள் வீரம்மாள், பெரம்பலூருக்கு அந்தப் பக்கம் பூலாம்பாடி. ஹாஸ்டலிலும் என் அறைதான். "ஏண்டி, வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? நான் ஒரு சத்தம் போட்டா ஒங்க ஊரு காக்காயெல்லாம் பறந்துரும், ஒனக்கும் சேத்து நானே சொல்லிடறேன் போ" என்றாள். மறுநாளிலிருந்து அவள் நம்பருக்குக் கரகரவென்றும், என் நம்பருக்கு மூக்கால் பேசுகிற மாதிரி மெல்லியதாகவும் குரல் கொடுத்தாள். வகுப்பே தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கும். எனக்கும் சிரிப்பு வரும், இனி நான் வாயைத் திறக்க வேண்டாம் என்ற நிம்மதியும் வரும். ஐந்து மாதம் அப்படியே ஓடியது. ஜனவரியில் ஒருநாள் மிஸ் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கி, அறுபத்து மூன்றுக்குப் பதில் சொன்னது யார் என்று கேட்டார். வீரம்மாள் எழுந்து நின்றாள். வராத பெண்ணுக்காக இவள் பொய்யாக வருகை சொல்கிறாள் என்று அவர் நினைத்துவிட்டார். நான் அவளுடைய முழங்கை படுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தேன் மலரு. நான்தான் மிஸ் அறுபத்து மூன்று, இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். நான் பெஞ்சில் யாரோ கீறி வைத்திருந்த ஒரு பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல்வர் அறைக்குப் போய்த் திரும்பிய பிறகு அவளை அந்த வருஷப் பரீட்சை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதே வகுப்பை மறுபடி படிக்கலாம்தான், ஆனால் ஒரு வருஷம் நின்றவருக்கு உதவித்தொகை கிடையாது என்பது அப்போதைய விதி. அது இல்லாமல் அவள் வீட்டில் எப்படிப் படிக்க வைப்பார்கள். பெட்டி கட்டுகிறபோது நான் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அழுவாதடி, ஒனக்காகவா கத்துனேன், எனக்குக் கத்துறது புடிக்கும், கத்துனேன்" என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி, "ஒண்ணே ஒண்ணு சொல்றேன் தனம். நீ பேசக்கூட வேணாம்டி. ஏந்திரிச்சு நின்னிருந்தாலே போதும்" என்றாள். நான்கு வருஷத்துக்கு முன்பு பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். சின்ன வெங்காய வியாபாரம், மூட்டை ஏற்றுகிற ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தாள், அதே குரல். கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து, "என்னா அறுபத்தி மூணு, ஆபீசுல உத்தியோகமாமே, அங்கயாச்சும் வாயத் தொறக்குறியா?" என்று கேட்டுச் சிரித்தாள். சிரிப்பில் பொல்லாப்பு இல்லை. அதனால்தான் எனக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை. எங்கள் தெருவில் முதல் பட்டதாரி என்று என்னைச் சொல்லும்போதெல்லாம் பூலாம்பாடியில் முதல் பட்டதாரியாகியிருக்க வேண்டியவள் நினைவுதான் வருகிறது.

ஆகையால் அப்பாவின் பெயரை நான் எழுதமாட்டேன். எழுத வராமல் இல்லை, அவருடைய சம்பளத் தாளிலிருந்து பேங்க் தாள் வரை நிரப்புகிறவள் நான்தான். ஒருவர் இருக்கும்போதே இன்னொருவர் அவருக்காகக் குரல் கொடுப்பதை ஒருமுறை பார்த்துவிட்டேன், போதும். செவ்வாய்க்கிழமை அப்பா ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்து கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்ததும் தாள்களைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிட்டேன். என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். முதலில் அவருக்குப் புரியவில்லை, பிறகு புரிந்தது, "எங்கிட்ட சொல்றதுக்கு என்ன பயம் அந்தக் கழுதைக்கு" என்றார். உன்னைப் பற்றி ஷிப்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார் அல்லவா, அது வலித்திருக்கும். தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எவ்வளவு வேண்டும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார், சொன்னேன். "அப்ப பதினாலுதான கொறையுது?" என்றார். பதினாலு இல்லைங்க, புள்ளிக்குப் பின்னால் பதினாலு என்றேன். "அது அதவிடச் சின்னதாச்சே, அதுக்கா இம்புட்டு ஒளிவு மறைவு" என்று சொல்லித் தட்டை மறுபடி இழுத்துக்கொண்டார். பேனாவைக் கொடுத்தேன், வாங்கவில்லை. "இங்க போட மாட்டேன். அவ என்ன ஏதுன்னு அவ வாயால சொல்லட்டும், அங்கயே போட்டுக் குடுத்துட்டு வரேன்" என்றார். மறுநாளே லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.

பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் உன் ஹாஸ்டல் வாசலுக்கு வந்துவிடுவார். தாள் அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். மார்க் குறைந்ததை மட்டும்தான் நான் சொல்லியிருக்கிறேன், வைவாவில் நீ வாய் திறக்காமல் வந்ததைச் சொல்லவில்லை, அது நீ சொல்ல வேண்டியது. அவரை உனக்குத் தெரியும், தானாகக் கேட்கமாட்டார். சாப்பிட்டாயா என்பார், முந்திரிப்பருப்பு டப்பாவைக் கொடுப்பார், பிறகு மரத்தடியில் உட்கார்ந்து போகிற வருகிற பஸ்ஸைப் பார்ப்பார். அவர் ஆரம்பிக்கட்டும் என்று நீ இருந்தால், நீ ஆரம்பிக்கட்டும் என்று அவரும் இருப்பார், கடைசியில் நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவார், தாள் வெறுமையாகத்தான் அரியலூருக்குத் திரும்பும். நான் அங்கே இருக்கமாட்டேன் மலரு, வந்தால் உனக்குப் பதிலாக நான் சொல்லிவிடுவேன் என்றுதான் வரவில்லை. அவரிடம் சொல்ல முடிந்துவிட்டால் அன்றைக்கே அந்த ஆலோசகரிடமும் போய்விடு, பூச்சியியலையும் அந்த இரண்டு மார்க் பாடத்தையும் மறுபடி எழுதக் கேள், அப்பா வேண்டுமானால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

ராத்திரியில் கண் விழித்துப் படித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, தலைக்கு எண்ணெய் வை, வெறும் காபியில் காலையை ஓட்டாதே. நீ நினைத்த படிப்பு நினைத்தபடி முடிந்து, நீண்ட ஆயுளோடு நிறைந்த மனதோடு இருக்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உன் தலைமேல் இருக்கிறது. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, ஆலை இரைச்சலில் அப்பாவுக்கு இடது காது மந்தமாகிவிட்டது என்று போன மாதம் டாக்டர் சொன்னார், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார். வலது பக்கமாக உட்கார். கொஞ்சம் சத்தமாகச் சொல்.

அன்புள்ள அம்மா,
இரா. தனம்